ஒரு கவிதைக்கு ஒரு டிகிரி

தமிழ்க் கவிதையை டிகிரிக் கணக்கில் அளந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மயிலாப்பூரில் இருக்கிறார். பெயர் ரிமோட் சார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதோ ஒரு புனிதருடையது. அது சாந்தோமில் அவர் தெருவோடு நின்றுவிட்டது. தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் நூலகச் செயலாளர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் ரிமோட் சார்தான்.

ஏசி ரிமோட்டைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அதே கயிற்றில் ஒரு சின்னச் சிலுவையும் தொங்கும். அக்னி நட்சத்திரத்தில் ஊரே பனியனோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர் மட்டும் அரைக்கை ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு மாடவீதியில் நடந்து வருவார். பார்க்கிற நமக்கு வேர்க்கும். ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைப்பதற்கு முன்னால், பெருங்குடிப் பக்கம் ஓர் ஐஸ்கிரீம் குளிர்கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். வாழ்நாளில் பாதியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கழித்த மனிதருக்கு மே மாதம் என்று ஒன்று இருப்பதே உறைக்கவில்லை.

ஐஸ்கிரீம்காரர் கவிதைக்கு எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும். எங்கள் நூலகம் ஓர் அறக்கட்டளை நடத்துவது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. அதற்கு ஒரு பெரிய மனிதர் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த அபூர்வப் புத்தகங்களைக் கொடுத்தார். எல்லாம் ஒரே கவிஞருடையவை. முதல் பதிப்புகள், கவிதைகள் முதன்முதலில் வெளியான பழைய இதழ்கள், கவிஞர் தன் கையாலேயே திருத்திய ப்ரூஃப் தாள்கள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: புத்தகங்கள் ஏசியில்தான் இருக்க வேண்டும். செயலாளர் அறையிலேயே மேசை விசிறி திணறிக்கொண்டிருந்த அந்த நூலகத்தில், இப்படியாக ஓர் ஏசி வந்தது. குளிர் விஷயம் தெரிந்த ஆள் யார் என்று தேடியபோது, கீழே பேப்பர் படிக்க வந்துகொண்டிருந்த சார் அகப்பட்டார். சம்பளம் கிடையாது. கழுத்தில் ரிமோட் விழுந்தது.

கவிஞரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய ரசிகர்கள் இந்தக் கட்டுரையில் எத்தனை பிழை என்று கண்டுபிடித்து ஆசிரியருக்கு எழுதுவார்கள். உங்களுக்குப் பிடித்த பெரிய கவிஞர் யாரோ, அவரையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நாத்திகமும் கொஞ்சம் முன்கோபமும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அப்போது நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்துகொண்டு, விளம்பரங்களுக்கு வாசகம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த மே மாதம் குளியலறை டைல்ஸுக்கு ‘குளுகுளு’ என்று ஆரம்பித்து ஒரு வாசகம் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் அறையில் உட்கார்ந்து அந்த வார்த்தையை எழுத எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. நூலக மாடியில் ‘அபூர்வ நூல் அறை (ஏ.சி.)’ என்று ஒரு பலகையைப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் படித்துவிட்டுப் படியேறினேன்.

வாசலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். என்ன ஆராய்ச்சி என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: “கவிஞரோட கவிதைகளில் இயற்கை.”

“மே மாசம் வர்ற எல்லாருமே இயற்கையைத்தான் ஆராய்ச்சி பண்றீங்க. டிசம்பர்ல ஒரு ஆளுக்கும் இயற்கை மேல அக்கறை இல்ல” என்றார். பிறகு பைப்பைக் காட்டிக் கையைக் கழுவி வரச் சொன்னார். கழுவி வந்ததும், “சரி, கவிஞரோடது ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் அந்த அறையின் சட்டம் எனக்குத் தெரிந்தது. அறை காலையில் இருபத்தெட்டில் திறக்கும். யாராவது கவிஞரின் கவிதை ஒன்றைப் பார்க்காமல், பிசகாமல் சொன்னால் சார் ரிமோட்டை எடுத்து ஒரு டிகிரி இறக்குவார். நடுவில் ஒரு வரியை முழுங்கினால் ஒரு டிகிரி ஏற்றுவார். இருபத்து நான்குக்குக் கீழே போகமாட்டார். அதுதான் எங்கள் வைகுண்டம். ஒருநாள் ஒருவர் சொன்ன கவிதையை அன்றைக்கு வேறு யாரும் சொல்லக்கூடாது என்று ஓர் உபசட்டமும் உண்டு.

இந்தச் சட்டம் சும்மா பிறக்கவில்லை. முதல் கோடையில் அறை முழுக்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் படுத்துத் தூங்கினார்கள். ஒரு பெரியவர் முதல் பதிப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டதை சார் கண்ணால் பார்த்துவிட்டார். செயலாளர் கட்டணம் வைத்துவிடலாம் என்றார். சார் மறுத்துவிட்டார். காசு கொடுத்தவன் இன்னும் உரிமையோடு தூங்குவான் என்பது அவர் வாதம். குளிர் வேண்டுமா, கவிதை சொல்லட்டும் என்று முடிவு செய்தார். ஊர் சிரித்தது. வெயிலும் சிரித்தது. வெயில்தான் ஜெயித்தது.

என் முதல் நாள் படுதோல்வி. பள்ளியில் படித்த ஒன்றை ஆரம்பித்து, மூன்றாவது வரியில் திக்கி, நான்காவது வரிக்கு நானே ஒரு வரி போட்டேன். சார் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். மறந்ததற்கு ஒன்று, சொந்தமாக எழுதியதற்கு ஒன்று. அறையில் இருந்த அத்தனை பேரும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் காலையிலிருந்து பாடுபட்டு இறக்கிய டிகிரிகள் அவை.

அவர்களில் ஒருவர் தாஸ். மார்க்கெட் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். மதிய வெயிலில் சவாரி இல்லாத நேரத்தில் மேலே வந்துவிடுவார். அவர் என்னைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். “இன்னா சார் நீ, பூரா ரூமையும் வேக வச்சிட்டியே. தெரியலன்னா கம்முனு ஒக்காந்துக்கினு இருக்கணும். எங்க பொழப்புல ஏன் கை வைக்கிற?” என்றார். அந்த டீக்கடை வாசலிலேயே எனக்கு ஒரு கவிதையை மனப்பாடம் செய்துவைத்துத்தான் விட்டார்.

அது கவிஞரின் ஆகச் சிறிய கவிதை. நாலே வரி. ‘எதிரே வருகிறாய் எறும்பே, / அவசரமாய்ப் போகிறாய், / நானும் அப்படித்தான். / சர்க்கரை எந்தப் பக்கம்?’ அவ்வளவுதான். தாஸ் இதை முதலில் கேட்டபோது, இதற்கா இவ்வளவு பெரிய கவிஞர் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம். சார் கருத்துச் சுதந்திரத்தை மதித்து ஒரு டிகிரி மட்டும் ஏற்றினாராம்.

நாலு வரியில் ஒரு டிகிரி என்பதால் எறும்புக்கு ஏகப்பட்ட கிராக்கி. காலையில் கதவு திறந்ததும் அதை யார் முதலில் சொல்வது என்று தள்ளுமுள்ளு நடக்கும். இதில் வைதேகி மாமியை யாரும் ஜெயிக்க முடியாது. மாமி பக்கத்துச் சந்துதான். மார்க்கெட்டுக்கு வந்தால் கீரைக்கட்டோடு மேலே ஏறிவிடுவாள். உள்ளே நுழைந்தவுடன் அந்தக் கவிதை இருக்கும் பக்கத்தைத் திறந்து அதன்மேல் தன் கர்சீப்பைப் போட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவாள். ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட் பிடிக்கிற வழக்கம் அது. சார் பதறிப்போய், முதல் பதிப்பின்மேல் ஈரத்துணி போடலாமா என்று சண்டைக்கு வந்தார். மறுநாளிலிருந்து மாமி நன்றாகக் காய்ந்து இஸ்திரி போட்ட கர்சீப்பாகக் கொண்டுவர ஆரம்பித்தாள்.

மாமி கவிதை சொல்கிற விதமே தனி. எந்தக் கவிதையானாலும் ஸ்லோக ராகத்தில், மூச்சு விடாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொல்லி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கவிஞருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அவர் கவிதைக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வது அவரை அவமதிப்பது என்று சார் எவ்வளவோ சொன்னார். “அவருக்கு நம்பிக்கை இல்லேன்னா அது அவரோட விஷயம். நேக்கு அவர்மேல நம்பிக்கை இருக்கு, போட்டுக்கறேன்” என்றாள். சாந்தோம்காரர் தன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு ஒரு டிகிரி இறக்கினார்.

எறும்பு கிடைக்காதவர்கள் அடுத்த கவிதையைத் தேட வேண்டியிருந்தது. அடுத்தது எட்டு வரி, அதற்கடுத்தது பதினாறு. இப்படியே போய்ப் போய், கோடை முடிவதற்குள் அந்த அறையில் வேறு வழியில்லாமல் எல்லாரும் கவிஞரை முழுக்கப் படித்துவிட்டார்கள். கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்த இதழ்கள், புதுக் கவிதை வேட்டையில் மேசைக்கு வந்தன. தாஸ் கவிஞரின் நீளமான மழைக் கவிதையை எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லி முடிக்க டீ ஆறிவிடும். நாலு வரிக்கும் ஒரு டிகிரிதான், இதற்கும் ஒரு டிகிரிதான், ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டேன். ஆட்டோ ஓட்டிக்கொண்டே சொல்ல ஏற்ற நீளம், மந்தைவெளியில் ஆரம்பித்தால் அடையாறு பாலத்தில் முடிகிறது என்றார். சவாரி வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே வருகிறார்களாம்.

சார் இதையெல்லாம் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். முகத்தைக் குளிர்கிடங்கு மாதிரி வைத்திருப்பார். ஆனால் யாராவது ஒரு கவிதையை ரசித்துச் சொன்னால் அவர் மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்துவார், காது நன்றாகக் கேட்கட்டும் என்று. நாங்கள் டிகிரியைவிட அந்த மஃப்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படியே இரண்டு மூன்று கோடைகள் ஓடின. பிறகு அறக்கட்டளை, அபூர்வ நூல்களைப் பாதுகாக்க ஏதோ உதவிக்கு மனுப் போட்டது. அறையைப் பார்க்க அடையாறிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார் என்றார்கள். பழைய காகிதங்களைக் காப்பாற்றுவதையே படிப்பாகப் படித்த அம்மாள். நாங்கள் எல்லாரும் தயாரானோம். மாமி பட்டுப்புடவை. தாஸ் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டு வந்தார். உலகத்தில் எந்த நூலகத்திலாவது வாசகர்கள் இப்படித் தலைகீழாகக் கவிஞரை ஒப்பிப்பார்களா, அம்மாள் அசந்துபோவார் என்று சார் சொன்னார்.

அம்மாள் வந்தார். தன் பையிலிருந்து வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற ஒரு சின்னக் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். சார் கண்ணைக் காட்டினார். தாஸ் மழையைச் சொன்னார். ஒரு டிகிரி இறங்கியது. மாமி எட்டு வரிக் காக்கைக் கவிதையைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொரு டிகிரி. நான் பதற்றத்தில் ஒரு வரி தடுமாறினேன். சார் நீதி தவறாமல் ஒன்று ஏற்றினார். அம்மாள் எங்களைப் பார்க்கவே இல்லை. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“தினமும் இப்படித்தானா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தினமும்” என்றார் சார், பெருமையாக.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. குரலை உயர்த்தவில்லை. ஒரு முதல் பதிப்பைத் திறந்து, விளிம்பு நெளிந்திருப்பதையும், தையல் விட்டுக்கொண்டு வருவதையும் காட்டினார். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் காகிதம் விரிந்து சுருங்கி நைந்துபோகும் என்றார். இத்தனை பேர் விடுகிற மூச்சின் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இனி ஒரே குளிரில், இரவும் பகலும், ஆள் இல்லாமல் இருந்தால்தான் இந்தப் புத்தகங்கள் பிழைக்கும். வாசகர்களுக்கு நகல் எடுத்து பைண்ட் செய்து வெளிக்கூடத்தில் வைக்கலாம் என்றார்.

நாங்கள் சாரைப் பார்த்தோம். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் அந்த நெளிந்த விளிம்பை விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

“கிடங்குல ஒரு டிகிரி ஏறி இறங்கினா ஐஸ்கிரீம் மணல் மாதிரி ஆயிடும். அதுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான். புத்தகத்துக்கும் அப்படித்தான்னு தோணாமப் போச்சே மாதாவே” என்றார்.

யாரும் சொல்லாமலே கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். முடிச்சை அவிழ்த்து, சிலுவையை மட்டும் வைத்துக்கொண்டு, ரிமோட்டை அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். அத்தனை வருடம் பார்த்த கழுத்து வெறுமையாக இருந்தது.

நகல்கள் தயாராகி வெளிக்கூடத்துக்கு வர மழைக்காலம் முடிந்து, மார்கழி போய், திரும்பவும் வெயில் வந்துவிட்டது. கூடத்தில் நீள மேசை, அதற்கு மேலே ஒரு பழைய மின்விசிறி. சார் முதல்நாள் காலையிலேயே வந்து மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஸ்வெட்டர் இல்லை. மஃப்ளர் இல்லை. உள்ளே கட்டம்போட்ட சட்டைதான் போட்டிருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நெற்றியில் வேர்வை.

எங்கள் சங்கம் ஏசிக்காகக் கூடிய சங்கம். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஏசி இல்லாவிட்டால் யார் வருவார்கள்? சாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. யாராவது படியேறும் சத்தம் கேட்டால் நிமிர்வார். தண்ணீர் கேன்காரர் வந்தார். செயலாளர் வந்து, இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அப்புறம் நீங்கள் வீட்டிலேயே ஓய்வாக இருக்கலாமே என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். சார் தலையாட்டினார். கை தன்னிச்சையாகக் கழுத்துக்குப் போய், ரிமோட்டைத் தேடிவிட்டு, சிலுவையைப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே போனது. ஏதோ ஒரு விளம்பர வாசகத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், கீழே ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. தாஸ் வந்தார். நேரே பைப்புக்குப் போய்க் கை கழுவினார். நகலைத் தொடக் கை கழுவ வேண்டிய அவசியமே இல்லை. வந்து மேசைக்கு முன்னால் நின்று, மழைக் கவிதையை ஆரம்பித்தார். வெளியே சந்தில் தார் உருகிக்கொண்டிருந்தது. தாஸ் மழையை முதல் துளியிலிருந்து கடைசி வெள்ளம் வரை, ஓர் எழுத்துப் பிசகாமல், மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம் வரை சொன்னார். முடித்துவிட்டு அப்படியே நின்றார்.

“இன்னா சார், பாத்துக்கினே கீற? எறக்கு” என்றார்.

“எதை எறக்கறது தாஸ்? என்கிட்ட ஒண்ணும் இல்லையே” என்றார் சார்.

தாஸ் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். “அப்ப அத்த ஏத்து.”

சார் எழுந்தார். சுவரோரம் போய், மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிடித்து, ரிமோட்டை அழுத்துகிற அதே முகத்தோடு, ஒரே ஒரு புள்ளி திருப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். எங்கள் மூவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த ரெகுலேட்டர் கெட்டுப்போய் ரொம்ப காலம் ஆகிறது. எதில் வைத்தாலும் விசிறி ஒரே மாதிரிதான் சுற்றும்.

அப்போது கீரைக்கட்டோடு வைதேகி மாமி உள்ளே வந்தாள். அவள் வீட்டில் போன மாதம்தான் புது ஏசி மாட்டியிருந்தார்கள். “ஆத்துல ஏசியைப் போட்டுண்டு தனியா ஒக்காந்திருந்தேன், எறும்பை யாராவது சொல்லிடப் போறாளேன்னு ஒரே கவலை” என்றபடி நகலைப் பிரித்து, அந்தப் பக்கத்தில் இஸ்திரி போட்ட கர்சீப்பைப் போட்டாள். பிறகு விசிறிக்குக் கீழே நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா, இப்பத்தான் காத்து வர்றது” என்றாள்.

சார் மஃப்ளர் இல்லாத கழுத்தில் கையை வைத்து, எதையோ தளர்த்திக்கொண்டார்.

இப்போது அந்தக் கூடத்தில் மேசை போதவில்லை, இன்னொன்று போட்டிருக்கிறார்கள். செயலாளர் ஓய்வைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. நானும் வேளச்சேரிப் பக்கம் குடிபோய், எல்லா அறையிலும் ஏசி மாட்டி வாழ்கிறேன். ஆனாலும் மாதத்தில் பாதி மதியங்கள் அங்கேதான், வேர்த்துக்கொண்டு, எறும்பு போய்விட்டால் காக்கை, காக்கை போய்விட்டால் மழை என்று. நூலகத்துக்கு எலக்ட்ரீஷியன் அடிக்கடி வருகிறார். விளக்கு மாற்றுகிறார், ஸ்விட்ச் மாற்றுகிறார். அந்த ரெகுலேட்டர் பக்கம் மட்டும் நாங்கள் அவரை விடுவதில்லை.